பனியில்லாத நிலத்தில் கோசும் கடுகும்: பெக்கான் நானாஸ் வீட்டுத் தோட்டங்களின் வரலாறு

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தின் தென்மேற்கில், ஸ்கூடாயிலிருந்து பொந்தியானுக்குச் செல்லும் கூட்டரசுச் சாலையில் அமைந்துள்ள பெக்கான் நானாஸ், தன் பெயரிலேயே அன்னாசியைக் கொண்டுள்ள ஊர். அன்னாசிக்கென ஓர் அருங்காட்சியகமும் அங்கே உண்டு. ஊரைச் சூழ்ந்த நிலத்தின் பெரும்பகுதி கரிச் சதுப்பு மண். மரமும் செடியும் நீரில் மூழ்கி, காற்றுப் படாமல், முழுதும் மக்காமலேயே பல்லாயிரம் ஆண்டுகள் படிந்து படிந்து உருவான கருநிற மண் அது. அமிலத்தன்மையை அளக்கும் அளவுகோலில் ஏழு என்பது நடுநிலை என்றால், இம்மண் மூன்றுக்கும் நான்குக்கும் இடையே நிற்கும். அன்னாசி அந்த அமிலத்தைத் தாங்கிக்கொள்ளும். முட்டைக்கோசு, கைலான், சாவி, கேல் முதலிய கோசினப் பயிர்களோ ஆறு அல்லது ஆறரை அளவுள்ள மண்ணையே விரும்பும், வெயிலைவிடக் குளிரையே நாடும். மண்ணும் வானும் இவ்வாறு ஒருசேர எதிர்த்து நின்ற ஓரிடத்தில், வீட்டுக் கொல்லையிலும், லயம் எனப்படும் தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பின் பின்புறத்திலும் இக்கீரைகள் வேரூன்றியது எவ்வாறு என்ற கேள்விக்கு, இரப்பரையும் அன்னாசியையும் செம்பனையையும் எண்ணிக் கணக்கிட்ட தோட்டத்தொழில் வரலாறுகளில் விடை கிடைப்பதில்லை. அவ்விடை அடுத்தடுத்துக் குடியேறிய மக்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்ட கைப்பழக்கத்தில் இருக்கிறது. தமிழர் இலையாக உண்ணக் கற்ற கோசினங்களில் பெரும்பாலானவை அவ்வழியே வந்தவை.

முதலில் இப்பயிர்களின் உறவுமுறையைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. சிலுவை வடிவில் நான்கு இதழ் கொண்ட பூக்களைப் பூக்கும் பெரிய தாவரக் குடும்பத்தைக் கடுகுக் குடும்பம் என்பர். அதனுள் பிராசிக்கா என்ற பேரினமே இங்கே கோசினம் எனப்படுகிறது. முட்டைக்கோசு, பூக்கோசு, நூல்கோல், கேல், கைலான் ஆகியவை தோற்றத்தில் வெவ்வேறாகத் தெரிந்தாலும், அனைத்தும் பிராசிக்கா ஒலெரேசியா என்ற ஒரே சிற்றினத்தின் வடிவங்களே. இலைகள் குவிந்து தலை கட்டினால் முட்டைக்கோசு, தலை கட்டாமல் தண்டைச் சுற்றித் தனித்தனி இலையாக விரிந்தால் கேல், தண்டு தடித்துத் திரண்டால் நூல்கோல். மலாய்க்காரர்களும் தமிழர்களும் சாவி என்று அழைக்கும் மென்மையான கீரையும் பக் சோயும் பிராசிக்கா ராப்பா என்ற வேறொரு சிற்றினத்தைச் சேர்ந்தவை. தாளிக்கும் கடுகு பிராசிக்கா ஜன்சியா. இவற்றுக்கிடையிலான உறவை 1935-இல் தெளிவுபடுத்தியவர், ஜப்பானில் பிறந்த கொரிய வழித்தோன்றலான நாகஹாரு யூ என்ற மரபியலறிஞர். ராப்பாவில் 20, கருங்கடுகில் 16, ஒலெரேசியாவில் 18 என்று குரோமோசோம் எண்ணிக்கை அமைந்திருப்பதையும், முதலிரண்டும் இயற்கையில் கலந்து 36 குரோமோசோம்கள் கொண்ட ஜன்சியா பிறந்ததையும் அவர் நிறுவினார். மூன்று மூல இனங்களை முக்கோணத்தின் மூலைகளிலும் கலப்பினங்களைப் பக்கங்களிலும் வைத்து வரையப்படும் அந்தப் படம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

தமிழருக்கும் இக்குடும்பத்துக்கும் உள்ள உறவு மிகப் பழையது. ஆனால் அது விதையோடு நின்ற உறவு. சங்க இலக்கியம் ஐயவி என்று குறிப்பிடும் வெண்சிறுகடுகு, புண்பட்ட வீரரைக் காக்கவும் தீயவற்றை விலக்கவும் புகைக்கப்பட்ட பொருளாக அங்கே வருகிறது. பிற்காலத்தில் அஞ்சறைப்பெட்டியின் முதல் அறை கடுகுக்குரியதாயிற்று. இலையை உண்ணும் வழக்கம் முள்ளங்கிக்கு மட்டுமே ஓரளவு இருந்தது. முள்ளங்கியும் கடுகுக் குடும்பமே என்றாலும் பேரினம் வேறு. வடக்கே காசுமீரில் ஹாக் எனப்படும் தலை கட்டாத கோசிலை அன்றாட உணவாக இருக்க, பஞ்சாபில் கடுகிலை குளிர்கால விருந்தாக இருக்க, தமிழ்நாட்டுச் சமவெளியில் கீரை என்றால் தண்டுக்கீரையும் அரைக்கீரையும் முருங்கையும் அகத்தியுமே. முட்டைக்கோசு இங்கு வந்ததும் மலையேறித்தான்: கோயம்புத்தூர்க் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820-களில் உதகமண்டலத்தில் குடியிருப்பை நிறுவியபோது உருளைக்கிழங்கோடும் பிற ஆங்கிலக் காய்கறிகளோடும் கோசும் நீலகிரியில் பரவத் தொடங்கியது. ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மலாயாவுக்குக் கப்பலேறிய தமிழ்நாட்டுத் தொழிலாளியின் மூட்டையில் கடுகு இருந்திருக்கும், கடுகிலையைச் சமைக்கும் வழக்கம் இருந்திராது. தமிழரின் கடுகும், ஜொகூர்ச் சந்தையில் கசப்புச் சாவி என்று விற்கப்படும் சீனரின் கடுகிலையும் ஒரே ஜன்சியா என்பதால், அவர்கள் அயலாரிடம் கற்றது தம் வீட்டிலேயே இருந்த செடியின் மறுபாதியை எனலாம்.

அந்த அயலார் ஜொகூருக்கு முன்னரே வந்திருந்தனர். ஜொகூரை நடைமுறையில் ஆண்ட தெமெங்கோங் இப்ராகிம் 1844 முதல் ஆற்றோர நிலங்களைச் சீனத் தலைவர்களுக்கு உரிமைப் பத்திரம் எழுதிக் கொடுத்துத் திறந்துவிட்டார். காங்சூ முறை எனப்பட்ட அந்த ஏற்பாட்டில், ஒவ்வோர் ஆற்றுக்கும் பொறுப்பேற்ற தலைவர் ஆட்களைக் கொண்டுவந்து கம்பீரையும் மிளகையும் பயிரிட்டார். கம்பீர் என்பது தோல் பதனிடவும் சாயமிடவும் பயன்பட்ட இலைச்சாறு. சாறு இறக்கிய இலைச்சக்கையை மிளகுக்கொடிக்கு எருவாக இடும் பழக்கம் அத்தோட்டங்களில் இருந்தது. எதையும் வீணாக்காமல் மண்ணுக்கே திருப்பித் தரும் அந்த ஒழுங்குதான் பின்னர் காய்கறித் தோட்டங்களிலும் தொடர்ந்தது. இத்தோட்டங்களில் பெரும்பான்மையினராக இருந்த தியோச்சியூ சீனர்களுக்குக் கடுகிலை இன்றியமையாத உணவு. உப்பிட்டு ஊறவைத்துப் புளிக்கச் செய்த அக்கீரை, மீனோ இறைச்சியோ இல்லாத நாளிலும் கஞ்சிக்குத் துணையாயிற்று. காங்சூ முறை 1917-இல் சட்டத்தால் முடிவுக்கு வந்தபோது கம்பீரின் காலமும் முடிந்திருந்தது; இரப்பரும், இளம் இரப்பருக்கு இடையே ஊடுபயிராக நடப்பட்ட அன்னாசியும் நிலத்தை நிறைத்தன. 1930-களில் டப்பாவில் அடைத்த அன்னாசியில் ஹவாயிக்கு அடுத்த இடம் மலாயாவுக்கு இருந்தது. போருக்குப் பின் அன்னாசி இரப்பர்க் காட்டை விட்டு வெளியேறிப் பொந்தியானின் கரிச் சதுப்பில் தனிப்பயிராக நிலைகொண்டது. அன்னாசித் தொழில் வாரியம் 1957-இல் அமைக்கப்பட்டது. கடலோரத்திலோ ஜாவானியரும் பூகிசுக்காரர்களும் பாரிட் எனப்படும் வடிகால் வாய்க்கால்களை வெட்டித் தென்னையும் பாக்கும் நட்டிருந்தனர். கம்பம் எனப்படும் அங்குள்ள சிற்றூர்கள் பல இன்றும் பாரிட் என்ற முன்னொட்டோடு வழங்குகின்றன. தேங்காய்ப்பாலில் கோசை வேகவைக்கும் லொடே குழம்பு ஜாவானிய வீடுகளின் வழியாகவே இம்மாவட்டத்தில் பரவியது.

இம்மண்ணில் கோசினம் வளர்ப்பதற்குச் சீனத் தோட்டக்காரர்கள் கைக்கொண்ட முறையை விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் இப்பகுதியின் வேளாண் அறிவில் இதுவே மிகுந்த உழைப்பையும் நுட்பத்தையும் கோரியது. சதுப்பில் நீர் மட்டம் எப்போதும் மேலேயே நிற்பதால், முதலில் வாய்க்கால் வெட்டி, அதில் எடுத்த மண்ணை இருபுறமும் ஏற்றி உயரமான பாத்திகள் அமைப்பர். நீரை ஒரேயடியாக வடித்தால் கரிமண் காய்ந்து சுருங்கித் தாழ்ந்துவிடும், ஒருமுறை எலும்பாய்க் காய்ந்த கரிமண் மீண்டும் நீரை ஏற்காது, தீப்பிடித்தால் நிலத்தடியிலேயே கனன்றுகொண்டிருக்கும்; ஆதலால் வாய்க்காலில் எப்போதும் ஓரளவு நீர் நிற்கும்படி பார்த்துக்கொள்வதே பாதி வேலை. அடுத்தது அமிலத்தை முறிப்பது. விறகும் புல்லும் சருகும் அடுக்கி அதன்மேல் மண்ணைக் குவித்து, நாள்கணக்கில் புகையவிட்டுச் சுட்ட மண்ணும் சாம்பலும் மலாயாச் சீனத் தோட்டங்களின் அடையாளமாகவே இருந்தன. சாம்பல் அமிலத்தைத் தணித்தது, சாம்பற்சத்தைத் தந்தது. சுட்ட மண்ணில் களைவிதையும் நோய்க்கிருமியும் குறைந்தன. அதன்மேல் பன்றி எருவும், இறால் கழிவும், நீர் கலந்து புளிக்கவைத்த மனிதக் கழிவும் இடப்பட்டன. பிற்காலத்தில் சுண்ணாம்பு எளிதாகக் கிடைக்கத் தொடங்கியதும் சாம்பலின் தேவை குறைந்தது. கோசு வகைகளுக்குச் சுண்ணாம்பு இன்னொரு வகையிலும் காப்பு: வேர்கள் வீங்கி முண்டு முண்டாகி ஊட்டம் ஏற முடியாமல் செடி வாடும் வேர்முண்டு நோய், அமில மண்ணில் தீவிரமாகவும் சுண்ணாம்பிட்ட மண்ணில் தணிந்தும் காணப்படும். இவ்வளவு செய்தும் கரிமண்ணில் செம்பு, போரான் போன்ற நுண்சத்துகள் குறைவாகவே இருக்கும். போரான் குறைந்தால் கோசின் தண்டு உள்ளே பொள்ளலாகும், மாலிப்டினம் கிட்டாமற்போனால் இலைப்பரப்பு சிறுத்து நடுநரம்பு மட்டும் சாட்டை போல எஞ்சும். காரணத்தின் பெயர் அறியாமலே அக்குறைகளைப் பல்வேறு எருக்களைக் கலந்து இடுவதன் மூலம் அத்தோட்டக்காரர்கள் பெரிதும் சமாளித்தனர்.

இரப்பர்த் தோட்டங்களின் லயங்களில் வாழ்ந்த தமிழருக்கு நிலம் சொந்தமில்லை. ஆயினும் கையகல நிலமாவது பயிரிடக் கிடைக்க வேண்டும் என்ற கருத்துக்குச் சட்ட வடிவம் உண்டாயிற்று. கூட்டாட்சி மலாய் மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, குடும்பத்தோடு வாழும் தொழிலாளிக்கு ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்கப்பட வேண்டும் என்றது. ஜொகூர் அக்கூட்டாட்சியில் சேராத மாநிலம் எனினும், 1914 முதல் பிரிட்டிஷ் பொது ஆலோசகரின் செல்வாக்கின்கீழ் இருந்தமையால் தொழிலாளர் நிர்வாகத்தில் அதே போக்கைத் தழுவியது. சட்டத்தின் நோக்கம் தொழிலாளியின் நலன் மட்டும் அன்று. கூலியை உயர்த்தாமலே வயிற்றை நிரப்பும் வழியாகவும் நிர்வாகங்கள் கொல்லைப் பயிரைக் கண்டன என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1930-களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தத்தால் இரப்பர் விலை சரிந்து, இலட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர் திருப்பி அனுப்பப்பட்டபோது, எஞ்சியிருந்தவர்களுக்கு அச்சிறு நிலத்தின் அருமை நன்கு விளங்கியது.

லயத்துக் கொல்லையில் முதலில் நின்றவை முருங்கை, கறிவேப்பிலை, வாழை, கத்தரி, மிளகாய், பசலை போன்ற ஊர்ப்பயிர்கள். மலாய்க்காரரிடமிருந்து சேக்கூர் மானிஸ் என்ற இனிப்புக் கீரை வேலியோரத்துக்கு வந்தது. சாவியும் கைலானும் சீனத் தோட்டத்திலிருந்து வந்தன: கூலி நாளில் வாங்கிய கட்டாக, பின்னர் அங்கே வேலைக்குப் போன பெண்களின் கைப்பழக்கமாக, இறுதியில் தாளில் மடித்துத் தரப்பட்ட விதையாக. சாவி 25 முதல் 30 நாளில் பறிப்புக்கு வரும். பால்வெட்டு முடிந்து நண்பகலுக்குப் பின்னரே ஓய்வு கிடைக்கும் வீட்டில் அது பெரிய வசதி. கைலானுக்கு ஏழு வாரம் வரை ஆகும், ஆனால் தலைத்தண்டை வெட்டிய பின்னும் செடி சாகாது. அடியில் இரண்டு மூன்று கணு விட்டு வெட்டினால் ஒவ்வொரு கணுவிலும் பக்கக் குருத்து வெடிக்கும். தண்டுக்கீரையையும் அரைக்கீரையையும் கிள்ளி எடுத்துப் பழகிய தமிழ்ப் பெண்களுக்கு இது எளிதில் பிடிபட்டது.

ஜப்பானியர் ஆட்சிக்காலமான 1942 முதல் 1945 வரை அரிசி இறக்குமதி நின்றுபோனதும் வீட்டுத் தோட்டம் உயிர்ப் பிரச்சினையாயிற்று. அக்காலத்து நினைவில் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியுமே முன்னிற்கின்றன. மாவுச்சத்து அங்கிருந்துதான் வந்தது. கிழங்கு மட்டும் தின்ற உடலுக்கு வேண்டிய உயிர்ச்சத்துகளை ஈந்தவை இலைகள்; மரவள்ளிக் குருத்தோடு சாவியும் கடுகிலையும் அங்கே சேர்ந்தன. அடுத்து, கம்யூனிஸ்டுக் கெரில்லாக்களுக்கு எதிராக அறிவிக்கப்பட்ட அவசரகாலத்தில், 1950-இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தின்கீழ், காட்டோரங்களில் பயிரிட்டு வாழ்ந்த சீனர் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் முள்வேலியிட்ட புதுக்கிராமங்களில் குடியமர்த்தப்பட்டனர். கெரில்லாக்களுக்கு உணவு எட்டக்கூடாது என்பதற்காகத் தனித்து நின்ற தோட்டங்கள் அழிக்கப்பட்டன, அரிசி பங்கீட்டில் வந்தது, வேலிக்கு வெளியே உள்ள பாத்திக்குப் போக ஊரடங்கு நேரம் பார்க்க வேண்டியதாயிற்று. தலைமுறைகளாகச் சுட்டும் எருவிட்டும் பண்படுத்திய மண்ணை ஒரே நாளில் விட்டுப் பெயர்வது எத்தகைய இழப்பு என்பதை, அவ்வாண்டுகளின் படைத்துறை வரலாறுகள் ஒரு பத்தியிலேனும் சொல்லியிருக்க வேண்டும். ஜொகூர் அக்காலத்தில் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாநிலங்களுள் ஒன்று. புதுக்கிராமத்து வீட்டைச் சுற்றி அளந்து கொடுக்கப்பட்ட சிறு மனையில் மீண்டும் பாத்தி கட்டப்பட்டது. வீட்டுத்தேவை போக மிஞ்சியது சந்தைக்கு வந்தது.

கொல்லையில் நடந்த இக்கல்வி அடுப்படியில் இன்னும் தெளிவாகத் தெரியும். சீனர் கைலானைப் பூண்டோடு பெருந்தீயில் சில நொடிகளில் வதக்கி எடுத்தனர். தண்டின் மொறுமொறுப்பு அதில் முக்கியம். தமிழர் அதே கீரையைக் கடுகும் உளுந்தும் காய்ந்த மிளகாயும் தாளித்து, நெத்திலியையோ இறாலையோ சேர்த்துப் பிரட்டலாக்கினர். சைவ நாளில் நெத்திலிக்குப் பதில் தேங்காய்த் துருவல் விழுந்தது. கடுகில் தாளித்த கடுகிலை என்பது ஒரே செடியின் இரு முனைகள் ஒரு வாணலியில் சந்திப்பதாகும். வாழையிலைச் சோற்றில் மஞ்சள் சேர்த்த முட்டைக்கோசுப் பிரட்டல் இன்று தவறாமல் இடம்பெறுகிறது. இக்கலப்பின் உச்சம் தமிழ் முஸ்லிம்களின் கடைகளில் பிறந்தது: சீனரின் மஞ்சள் மீ எனப்படும் நூடுல்சும் சாவியும் டோஃபு என்ற சோயாக் கட்டியும், மிளகாய் விழுதோடும் உருளைக்கிழங்கோடும் ஒரே இரும்புச் சட்டியில் புரளும் மாமாக் மீ கோரெங், மூன்று சமூகங்களின் கை பட்ட உணவு. இதில் சாவியை நீக்கிப் பார்த்தால் எண்ணெயையும் இனிப்பையும் சமன்செய்யும் சிறு கசப்பு மறைந்துவிடுவதை உண்பவர் உடனே உணர்வர். அக்கசப்பும் காரநெடியும் குளுக்கோசினோலேட்டு எனப்படும் கந்தகச் சேர்மங்களால் உண்டாபவை. இலை நறுக்கப்படும்போது அதன் திசுவிலுள்ள நொதியோடு அவை கலந்து கார எண்ணெயாக மாறும். பூச்சிகளைத் தடுப்பதற்காகச் செடி உருவாக்கிக்கொண்ட ஆயுதமே மனித நாவுக்குச் சுவையாயிற்று. நெடுநேரம் வேகவைத்தால் சுவை போய்க் கந்தக நாற்றமே மிஞ்சும் என்பதால், குழைய வேகவிடும் பழக்கத்தைக் கைவிட்டு விரைவாகப் பிரட்டக் கற்றது தமிழ்ச் சமையலில் நிகழ்ந்த மெய்யான மாற்றம்.

முட்டைக்கோசின் வழி இதிலிருந்து வேறானது. தலை கட்டக் குளிர் தேவைப்பட்ட பழைய இரகங்கள் பெக்கான் நானாஸ் போன்ற தாழ்நிலத்தில் இலையாகவே நின்றுவிட்டன. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குச் சாலை 1931-இல் திறக்கப்பட்டதும் அங்கே காய்கறித் தோட்டங்கள் பெருகின; மலைக்கோசு லாரியில் இறங்கித் தெற்கே ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் சென்றது. தொடர்ந்து ஒரே பயிர் வைத்த மலையில் வைரமுதுகு அந்துப்பூச்சி பெருகியது. 1925-இல் மலாயாவில் முதன்முதலாகப் பதிவான இப்பூச்சி, மருந்துக்கு மருந்து எதிர்ப்புத்திறனை வளர்த்துக்கொண்டே வந்தது. ஜாவாவில் டிடிடி மருந்துக்கு அது அடங்காதது 1950-களின் தொடக்கத்திலேயே தெரியவந்தது. 1969-இல் நிறுவப்பட்ட மார்டி என்ற வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிஞர்கள், 1970-களில் கேமரன் மலையில் அப்பூச்சியின் புழுவுக்குள் முட்டையிடும் ஒட்டுண்ணிக் குளவிகளை விட்டு, மருந்தைக் குறைத்துப் பூச்சியை அடக்கும் வழியைத் தேடினர். தாழ்நிலத்துக்குக் கோசு வந்ததோ வேறு திசையிலிருந்து. நாகஹாரு யூ 1937-இல் ஜப்பானின் தாகீ விதை நிறுவனத்தில் சேர்ந்து, கோசினத்தின் சில செடிகள் தம் மகரந்தத்தைத் தாமே ஏற்காத இயல்பைப் பயன்படுத்தி வீரிய ஒட்டு விதை உருவாக்கும் வழிக்கு அடித்தளமிட்டார். அவ்வழியில் அந்நிறுவனம் பின்னர் வெளியிட்ட கே-கே கிராஸ் போன்ற வெப்பம் தாங்கும் இரகங்களே தென்கிழக்காசியச் சமவெளியில் தலை கட்டின. இந்தியாவில் பூக்கோசு இதே போன்ற பயணத்தை வேறு முறையில் மேற்கொண்டது: 1822-இல் சகாரன்பூர்த் தோட்டத்துக்கு வந்த இங்கிலாந்து விதை, உழவர்களின் நூறாண்டுத் தெரிவால் வெப்பத்துக்குப் பழகி இந்தியப் பூக்கோசு என்ற தனி வகையாயிற்று. ஒன்று ஆய்வுக்கூடத்தில் முடிந்தது, மற்றொன்று வயலில். வீட்டுத் தோட்டக்காரருக்கு இரண்டாவது வழியே மதிப்பு மிக்கது, ஏனெனில் வீரிய ஒட்டின் விதையைச் சேமித்து மறுமுறை விதைத்தால் தாயின் குணம் நிலைப்பதில்லை.

குளிரின்மை ஒரு குறை என்றே இதுவரை கருதப்பட்டு வந்தது. பல்லாண்டு வாழும் கேலின் வரலாறு அதை மறுபக்கத்திலிருந்து பார்க்க வைக்கிறது. ஒலெரேசியா வகைகளில் பெரும்பாலானவை முதலாண்டு இலைவிட்டு, குளிர்காலத்தைக் கடந்து, இரண்டாமாண்டு பூத்துக் காய்த்து மடிபவை. பூக்கும் முன் பல வாரக் குளிர் வேண்டியிருக்கும் இந்நிலையைக் குளிர்ப்பதப்படுத்தல் என்பர். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மில்லர் என்ற ஆய்வாளர் 1929-இல் வெளியிட்ட ஆய்வு, வெப்பமான கண்ணாடிக் கூடத்தில் வைக்கப்பட்ட கோசு பூக்காமல் வளர்ந்துகொண்டே இருப்பதைக் காட்டியது. நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரைப் பாகை மட்டுமே வடக்கே உள்ள பெக்கான் நானாஸ், ஆண்டு முழுவதும் அத்தகைய ஒரு கூடம். இரவின் வெப்பநிலை 22 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவது அரிது. ஆகவே இங்கே நட்ட கேல் பூக்காது, பூக்காததால் முதிர்ந்து மடியவும் காரணமில்லை. ஐரோப்பாவில் இதே பயனைப் பெற, பூக்கும் இயல்பு மிகக் குறைந்த செடிகளை மக்கள் தேடிப் பேண வேண்டியிருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிரெஞ்சு இயற்கை அறிஞர் தோபாந்தோன் பெயரில் வழங்கும் கிளைத்த கேலும், நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் என்றுமுள கீரை எனப்படும் வகையும் விதையால் அன்றிப் போத்து நட்டே தலைமுறை தலைமுறையாகக் கைமாறியவை. போத்து என்பது தண்டிலிருந்து வெட்டி நடும் துண்டு. கென்யாவில் ஏழை வீடுகளின் அன்றாடக் கீரையான சுகுமா விக்கியும் பெரும்பாலும் அடியிலை அடியிலையாகப் பறித்து ஆண்டுக்கணக்கில் வைக்கப்படுகிறது. தென்கிழக்காசியாவுக்கும் இது புதிதன்று: ஜாவாவின் மலைத்தோட்டங்களில் கோசின் தலையை வெட்டிய பின் அடித்தண்டில் வெடிக்கும் குருத்துகளைப் பிரித்து நட்டுப் பெருக்கும் முறை வழங்கிவந்தது. விதை கப்பலில் வரவேண்டியிருந்த காலத்தில், விதை தராத நாட்டில் அதுவே இயல்பான வழி. வீரிய ஒட்டு விதைப்பொட்டலம் வந்ததும் அப்பழக்கம் ஒதுங்கியது, அறிவு தேய்ந்தது. இதை முன்னேற்றம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

தென்சீனத்தின் மிதமான குளிரில் உருவான கைலான் இவ்விதிக்கு விலக்கு. அது குளிர் இன்றியே வெள்ளைப் பூ விடும். பூமொட்டு விரியுமுன் தண்டை ஒடித்துவந்தால் செடி இலைக்கும் கிளைக்கும் திரும்பும், இவ்வகையில் பல மாதங்கள் நிற்கும். பக்கக் கிளையைக் கணுவுக்குக் கீழே வெட்டி, அடியிலைகளை நீக்கி, நிழலில் ஈரமணலில் ஊன்றினால் வேர்விடும்; சுருள்இலைக் கேலுக்கும் கருங்கேலுக்கும் முறை இதுவே. ஆனால் குளிர்காலம் இல்லாத நிலத்தில் பூச்சிக்கும் ஓய்வுக்காலம் இல்லை. குருத்தைத் துளைக்கும் புழு ஒரே வாரத்தில் வளர்முனையை அழித்துவிடும். மாலை மழைக்குப் பின் வெயில் அடித்தால் மென்அழுகல் தண்டில் இறங்கும். இலையோரத்தில் மஞ்சள் ஆப்பு போலத் தொடங்கும் கருப்பழுகல் நரம்பு வழியே பரவும். எனவே இங்கே பல்லாண்டுக் கேல் என்பது ஒரே செடியை ஆண்டுக்கணக்கில் காப்பதைவிட, நோய் தொடாத கிளையிலிருந்து ஆறேழு மாதத்துக்கொருமுறை போத்து எடுத்துப் புதிய மண்ணுக்கு மாற்றிச் செல்வதாகவே அமையும். வாழும் தொடர்ச்சி போத்தில் இருக்கிறது, தாய்ச்செடியில் அன்று.

வீட்டுத் தோட்டத்தை அரசு கொள்கையாக்கியது மலேசியப் பிரதமர் துன் அப்துல் ரசாக்கின் காலத்தில். எண்ணெய் விலையேற்றத்தாலும் உணவு விலையேற்றத்தாலும் நெருக்கடி வந்தபோது 1974-இல் தொடங்கப்பட்ட பச்சைப் புத்தகத் திட்டம், ஒவ்வொரு வீட்டையும் தன் காய்கறியைத் தானே பயிரிடத் தூண்டியது. அதே ஆண்டுகளில் உலக வங்கியின் கடனுதவியோடு மேற்கு ஜொகூர் வேளாண் வளர்ச்சித் திட்டம் பொந்தியான் பகுதியின் வடிகால்களையும் கடற்கரை அணைகளையும் சீரமைத்தது. இரண்டும் ஒரே காலத்தில் நடந்தாலும் தோட்டத் தமிழரைப் பொறுத்தவரை திசை வேறாக இருந்தது: இரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் லயங்கள் காலியாகி, அவர்கள் தாமான் எனப்படும் வரிசை வீடுகளுக்குப் பெயர்ந்தனர். பதினாறில் ஒரு பங்கு ஏக்கர் போய்ச் சிமெண்டு முற்றம் வந்தது. பாத்தியின் இடத்தைப் பாலிபேக் எனப்படும் கருப்பு நெகிழிப் பையும் பழைய வாளியும் பிடித்தன. கரிமண் இப்போது அமிலம் முறித்துப் பொட்டலமிட்ட நடவுமண்ணாகக் கடையில் கிடைக்கிறது. 2020-இல் கொள்ளைநோயால் நடமாட்டக் கட்டுப்பாடு விதிக்கப்பட்ட மாதங்களில் மலேசியா முழுவதும் வீட்டுப் பயிர் மீண்டும் பெருகியது. அப்போது பலர் விதைப்பொட்டலத்தில் வாங்கிய சுருள்இலைக் கேல், சிறிய பையில் வேரோடி இலை சிறுத்துப் போனாலும், பெரிய தொட்டியில் காலை வெயிலும் பிற்பகல் நிழலும் பெற்ற இடங்களில் பனைபோல் தண்டு நீண்டு, உச்சியில் இலைக்கொத்தோடு நின்றது. அத்தண்டின் உச்சியை வெட்டி நட்டால் செடி இளமையாகி மீண்டும் தாழ்ந்து வளரும்; அடித்தண்டோ கணுவுக்குக் கணு குருத்து விட்டு, பக்கத்து வீட்டாருக்குக் கொடுக்கவும் போதுமான போத்துகளைத் தரும்.